கனகமணி பார்க்காத நோத்ர-டாம்

மொன்றியலுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகியும், அந்த ஊரில் பார்க்க வேண்டியவை என்று புத்தகங்களில் போட்டிருக்கும் எதையும் கனகமணி போய்ப் பார்த்ததில்லை. ஊர் பார்ப்பது வேலைவெட்டி இல்லாதவர்களும் வெளியூர்க்காரரும் செய்வது என்பது அவளுடைய கட்சி. பழைய துறைமுகம் என்றால் அவளுக்குக் காற்றடிக்கும் இடம். ஊர் நடுவில் நிற்கும் மலை, பஸ் நேரே போகாமல் சுற்றிப் போவதற்கு ஒரு காரணம். வீட்டுக்கு வந்த விருந்தினர் யாராவது, எங்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று கேட்டால், நல்ல முருங்கைக்காய் வரும் மரக்கறிக்கடை ஒன்றின் பெயரைச் சொல்லுவாள்.

ஒன்று மட்டும் விலக்கு. மலைச்சரிவில் பச்சைக் கூரையோடு நிற்கும் பெரிய ஆலயம். பிரெஞ்சுக்காரர் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழர்களுக்கு அது சூசையப்பர் கோயில், அவ்வளவுதான். கனகமணி சைவக்காரி, வெள்ளிக்கிழமைகளில் மச்ச மாமிசம் தொடமாட்டாள். ஆனாலும் மனம் சரியில்லாத நாட்களில் சூசையப்பரிடம் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவாள். முருகனைப் பார்க்க ஊரின் மேற்கே இருக்கும் டொலார்ட் வரைக்கும் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். சூசையப்பர் கிட்டத்தில் இருக்கிறார். இதில் தெய்வங்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குச் சமையல் வேலை, ஒரு கார்டெரியின் குசினியில். வேலைக்குப் போகும் தாய்தகப்பன் பகலில் சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கேதான் அவள் பிரெஞ்சு படித்தாள், அதுவும் மூன்று வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து. ஆகையால் அவளுடைய பிரெஞ்சு சாப்பிடு, ஓடாதே, கையைக் கழுவு, தள்ளாதே என்ற அளவில் நின்றுவிட்டது. வங்கியில் இருக்கும் பெரிய மனிதரிடமும் அதே பிரெஞ்சைத்தான் எடுத்துவிடுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், செலீன் என்ற ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்து வாய்க்கு வாய் "அத்தான், அத்தான்" என்று கத்துவதைக் கேட்டு, இந்த வெள்ளைக்காரிக்கு இங்கே ஏது அத்தான் என்று திகைத்துப் போனாள். பிரெஞ்சில் 'பொறு' என்பதற்குச் சொல்லும் சொல் அப்படித்தான் ஒலிக்கும் என்று தெரிந்த அன்று, வீட்டுக்கு வந்து தன் அத்தானிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த அத்தான், அவள் புருஷன் அரியரத்தினம், இப்போது இல்லை. நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மகள் துஷாந்தினி கல்யாணம் கட்டிக் கர்க்லாண்டில் இருக்கிறாள். கனகமணி பழைய அப்பாட்மென்டில் தனியே இருந்தாள்.

அந்த அப்பாட்மென்ட் இருக்கும் பகுதிக்கு நோத்ர-டாம்-த-கிரேஸ் என்று பெயர். ஊரில் எல்லாரும் என்.டி.ஜி. என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுவார்கள். கனகமணிக்கு அது பிடிக்காது. மாதாவின் பெயரைப் போய் இனிஷலாக்குவதா என்று கேட்பாள். "நான் நோத்ர-டாமிலை இருக்கிறன்" என்றுதான் யாருக்கும் சொல்லுவாள். அந்த ஊரில் மாதாவின் பெயருக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கும் அதே பெயர். ஆஸ்பத்திரிக்கும் அதே பெயர். பழைய நகரத்தில், உலகம் முழுவதும் வந்து அண்ணாந்து பார்க்கும் பெரிய கோயிலுக்கும் நோத்ர-டாம்தான் பெயர். அந்தக் கோயிலை அவள் கண்டதில்லை. உள்ளே போக ரிக்கெற் எடுக்க வேண்டுமாம் என்று யாரோ சொன்ன அன்றே அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள்.

இப்படி இருந்தவளிடம்தான் தங்கை திலகத்தின் மகன் பிரணவன் வந்து சேர்ந்தான். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறவன். அவனையும் அவனோடு படிக்கும் சிலரையும் எமிலியானுஸ் என்ற விரிவுரையாளர் ஒரு மாதப் படிப்புக்கு மொன்றியலுக்குக் கூட்டி வந்திருந்தார். கிழமை நாட்களில் வகுப்பு, சனிக்கிழமைகளில் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்தல், ஞாயிறு ஓய்வு. தங்குவதற்கு மாணவர் விடுதி கொடுத்திருந்தார்கள்.

பிள்ளை வருகிறான் என்று கேள்விப்பட்ட நாளில் இருந்து கனகமணியைக் கையில் பிடிக்க முடியவில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவன் விமானம் ஏறிய அன்று திலகம் சாவகச்சேரியில் இருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, அவன் திரும்பி வரக் கூடாது. நீங்கள்தான் பிடிச்சு வைச்சிருக்கோணும்."

திலகத்தின் மூத்த மகன் யுத்த காலத்தில் ஒரு நாள் சந்திக்குப் போனவன், வீட்டுக்கு வரவில்லை. வெள்ளை வான் ஒன்றில் ஏற்றியதைக் கண்டதாக ஒரு கடைக்காரர் சொன்னார். பிறகு அவரும் தான் ஒன்றும் காணவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று தொடங்கிய தேடல் இன்னும் முடியவில்லை. மகனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரோடு திலகமும் இருக்கிறாள். பிந்திப் பிறந்த பிரணவனைத் தூசு படாமல் வளர்த்தாள். அவனோ போன கார்த்திகையில், போரில் இறந்தவர்களுக்காக வளாகத்தில் விளக்கேற்றியவர்களோடு நின்று படத்தில் அகப்பட்டுவிட்டான். சில நாட்களில் மோட்டார்சைக்கிளில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தம்பி எப்போது வீட்டுக்கு வருவார், எந்த வழியால் வருவார் என்று கேட்டார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்றதற்கு, சும்மா என்றார்கள். அந்தச் சும்மாவைத்தான் திலகத்தால் தாங்க முடியவில்லை.

"இஞ்சை வந்தா ஒண்டும் நடக்காது எண்டு நீங்கள் எனக்குச் சத்தியம் பண்ணுவியளோ அக்கா?" என்று கேட்டாள்.

கனகமணியால் பண்ண முடியாது. யாரால்தான் முடியும்? சரி, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு மகளைக் கேட்டாள். துஷாந்தினி விசாரித்துப் பார்த்து, அவன் இங்கே தஞ்சம் கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, நல்ல வழக்கறிஞர் ஒருவரையும் தெரியும் என்றாள். கடைசியில் ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஆனா அம்மா, அவன் விரும்போணும். பார்சல் மாதிரிப் பிடிச்சு வைக்கேலாது."

முதல் ஞாயிறு பிரணவன் வந்தான். மெலிந்த பையன், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசுவான். புட்டும் நண்டுக்கறியும் சாப்பிட்டான். பெரியம்மா பழைய சந்தைக் கட்டடம் பார்த்தீர்களா, பழைய கோட்டைச் சுவர் இருந்த இடம் பார்த்தீர்களா, துறைமுகத்து மணிக்கூட்டுக் கோபுரம் பார்த்தீர்களா என்று அவன் கேட்கக் கேட்க, இல்லை இல்லை என்று தலையை ஆட்டி அவளுக்குக் கழுத்து நொந்தது.

"அப்ப இவ்வளவு காலமும் இஞ்சை என்னதான் செய்தனீங்கள்?"

"சமைச்சனான்," என்றாள். இருவரும் சிரித்தார்கள். திலகம் சொன்னதைப் பற்றி அன்று அவனும் கதைக்கவில்லை, அவளுக்கும் நா எழவில்லை.

அடுத்த ஞாயிறு அவனைச் சூசையப்பர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தனக்குத் தெரிந்த ஒரே இடத்தையாவது காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ரோசம். கீழிருந்து மேலே போகும் படிகளில் நடு வரிசை மரத்தால் ஆனது. அது முழங்காலில் ஏறுகிறவர்களுக்கு. ஒரு பெண் ஒவ்வொரு படியிலும் நின்று செபம் சொல்லிச் சொல்லி ஏறிக்கொண்டிருந்தாள். உள்ளே மெழுகுதிரிகள் வரிசை வரிசையாக எரியும் இடத்தில், சுவர் நிறைய ஊன்றுகோல்கள் தொங்கின.

"நடக்க மாட்டாமல் வந்த சனம் சுகமாகி நடந்து போயிருக்கு. ஊன்றுகோலை இஞ்சையே விட்டிட்டுப் போட்டினம்," என்றாள், தானே அற்புதம் செய்தவள் மாதிரி.

அவன் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "சுகமாகாத ஆக்கள் தங்கடை ஊன்றுகோலைத் திரும்பக் கொண்டு போயிருப்பினம் என்ன? அதுகளை ஆர் மாட்டி வைக்கிறது?"

வரலாறு படிக்கிற பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகக் கூடாது என்று கனகமணி நினைத்துக்கொண்டாள். ஆனால் அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனியும் பொறுத்தால் கேட்க முடியாது என்று கேட்டேவிட்டாள்.

"ராசா, அம்மா சொன்னதை யோசிச்சனியோ?"

"யோசிக்காமல் எப்பிடி இருக்கிறது? ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அழுகிறா."

"நிக்கிறதெண்டா நோத்ர-டாமிலை என்னோடையே நிக்கலாம். அறை சும்மா கிடக்கு. துஷா எல்லா அலுவலும் பாப்பாள்."

அவன் ஊன்றுகோல்களில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நிண்டா அம்மாவை எப்ப பாப்பன் பெரியம்மா?"

சிலருக்குத் தஞ்ச வழக்குச் சீக்கிரம் முடிந்திருக்கிறது. சிலர் தாயின் செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார்கள். "அலுவல் முடிய," என்றாள்.

"அலுவல் எப்ப முடியும்?"

கனகமணி சூசையப்பரைப் பார்த்தாள். அவரும் வாய் திறக்கவில்லை.

"எமிலியானுஸ் சேர் எங்களுக்காகத் தன்ரை பேரைக் குடுத்துக் கூட்டி வந்தவர்," என்றான் பிரணவன். "ஒருத்தன் குறைஞ்சா அவரைத்தான் பிடிப்பினம். அடுத்த வருசம் வாற பிள்ளையளுக்கு விசாவும் குடாங்கள்."

"அவர் பெரிய ஆள், சமாளிப்பார்." சொன்ன உடனேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் காணாத ஒரு மனிதரின் தலையில் தன் வீட்டுப் பாரத்தைத் தூக்கி வைக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னாள். வேறு என்ன சொல்லுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பாப்பம் பெரியம்மா. கடைசிச் சனிக்கிழமை காலமை எங்களை இஞ்சைதான் கூட்டி வருவினம். பாக்குகள் எல்லாம் பஸ்ஸுக்குள்ளை இருக்கும். இது பாத்து, பேந்து பழைய நகரம் பாத்து, அப்பிடியே எயார்போட். அண்டைக்கு இந்த மெழுகுதிரியடிக்கு வாங்கோ. நான் முடிவைச் சொல்லுறன்."

அதன் பிறகு வந்த நாட்கள் கனகமணிக்கு நாட்களாக இருக்கவில்லை. காலையில் திலகம் எடுப்பாள், என்ன சொல்லுகிறான் என்று கேட்பாள். மாலையில் திலகம் எடுப்பாள், அதையே கேட்பாள். கார்டெரியில் சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டதில், பிள்ளைகள் எல்லாம் முகத்தைச் சுளித்தன. பையனைத் தள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அவன் போய் ஏதாவது நடந்தால் திலகம் தன் முகத்தில் முழிக்கமாட்டாள். அவன் நின்று, தாயைக் காணாமல் ஏங்கினால் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவளும் தான்தான். இதற்குப் பேசாமல் யாரும் வராமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்து, பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கடைசிச் சனிக்கிழமை கோயில் திறந்ததுமே அவள் மெழுகுதிரியடியில் போய் நின்றுவிட்டாள். ஒன்றைக் கொளுத்தினாள். அது பாதி எரிந்தது. சீனர்கள் வந்தார்கள், மெக்சிக்கோக்காரர் வந்தார்கள், சக்கர நாற்காலியில் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை மட்டும் காணவில்லை. ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அன்று மலைப் பக்கத்தில் சைக்கிள் ஓட்டம் ஒன்றுக்காகத் தெருக்களை மறித்திருந்தார்கள். அதனால் எமிலியானுஸ் முதலில் பழைய நகரத்துக்கே பஸ்ஸைத் திருப்பச் சொல்லிவிட்டார்.

பிரணவனின் கைத்தொலைபேசியில் இங்கத்தைய இணைப்பு இல்லை. எங்காவது கோப்பிக்கடையில் இலவச இணைப்புக் கிடைத்தால்தான் அவனால் தகவல் அனுப்ப முடியும். அப்படி ஒரு கடை வாசலில் நின்று, மற்றப் பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, அவசரமாக எழுதி அனுப்பினான்.

"பெரியம்மா, நான் நோத்ர-டாமிலை நிக்கிறன். யோசிக்காதேங்கோ. வாங்கோ."

அவனுக்கு நோத்ர-டாம் என்றால் ஒன்றுதான். ஒரு மாதமாக வகுப்பில் படித்த, கட்டுரை எழுதிய, இப்போது கண் முன்னால் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கிற கோயில். அவள் வீடு இருக்கும் இடம் அவனுக்கு என்.டி.ஜி. மெற்றோவிலும் பஸ்ஸிலும் ஏறிய எல்லாரும் அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

கனகமணிக்கும் நோத்ர-டாம் என்றால் ஒன்றுதான்.

வாசித்ததும் பக்கத்து வாங்கில் இருந்து இன்னொரு முறை வாசித்தாள். நிற்கிறானாம். வந்து சொல்லுகிறேன் என்றவன், கூட்டத்தில் இருந்து கழன்று நேரே வீட்டுக்கே போய்விட்டான். பூட்டிய கதவுக்கு முன்னால் பாக்கோடு நிற்கிறான், யோசிக்காதேங்கோ என்று அவளுக்கே ஆறுதல் சொல்லுகிறான். என்ன பிள்ளை! உடனே பதில் எழுதினாள்: "அங்கையே நில்லு ராசா. நான் வாறன்." அவன் வாசித்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. சூசையப்பருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பஸ்ஸுக்குள் இருந்தே திலகத்துக்கு எடுத்தாள். "பிள்ளை நிக்கிறானாம் திலகம்! என்ரை வீட்டடியிலை வந்து நிக்கிறான்." அந்தப் பக்கத்தில் திலகம் வாய்விட்டு அழுதாள். மூத்தவன் போனதற்குப் பிறகு சந்தோஷத்தில் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும், கோயில் பூட்ட முன்னம் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் யாரும் இல்லை.

முதலில் கனகமணி பயப்படவில்லை. பசித்திருக்கும், டெப்பனருக்குப் போயிருப்பான் என்று மூலைக்கடையில் போய்ப் பார்த்தாள். இல்லை. பூங்காவில் பார்த்தாள், மெற்றோ வாசலில் பார்த்தாள். மெலிந்த பையன்கள் நிறையப் பேர் போனார்கள், அவன் இல்லை. எங்கே நிற்கிறாய் என்று எழுதினாள். ஒரே ஒரு கோடு விழுந்து அப்படியே நின்றது. வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தே விட்டுச் சோற்றை அடுப்பில் வைத்தாள். அறைக்குப் புது விரிப்பு விரித்தாள். வருவான், வருவான் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. சோறு வெந்து ஆறியும் போய்விட்டது. மறுபடி தெருவுக்கு இறங்கிச் சுற்றினாள்.

அப்போதுதான் துஷாந்தினி எடுத்தாள். கனகமணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அவன் எழுதினதை அப்பிடியே வாசியுங்கோ அம்மா."

கனகமணி வாசித்தாள்.

"ஐயோ அம்மா, அது பஸிலிக்கா! பழைய நகரத்திலை இருக்கிற நோத்ர-டாம். அவங்கள் பாக்கப் போற இடமெல்லோ அது. அவன் அங்கை நிக்கிறான். உங்களை அங்கை வரட்டாம்!"

மெற்றோவில் அவள் உட்காரவில்லை. இடமிருந்தும் கதவடியிலேயே நின்றாள். அங்கையே நில்லு என்று எழுதியது தானல்லவா? நான் வாறன் என்று எழுதியதும் தானல்லவா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவு திறந்து மூடும்வரை அவளுக்கு உயிர் போய் வந்தது.

பழைய நகரத்துச் சதுக்கத்தில் வெயில் கொளுத்தியது. நடுவில் ஒரு சிலை, சுற்றிவரச் சனம், எல்லார் கையிலும் கைத்தொலைபேசி, எல்லார் முகமும் மேலே. கனகமணி மட்டும் மேலே பார்க்கவில்லை. முகம் முகமாகத் தேடிக்கொண்டு இரண்டு சுற்று வந்தாள். பஸ் இல்லை. பிள்ளைகள் இல்லை. கோயில் வாசலில் ரிக்கெற் பார்க்கும் காவலாளியைப் பிடித்து, தன் கார்டெரிப் பிரெஞ்சில், என் சின்னப் பையனைக் காணவில்லை, சின்னப் பையன், இங்கே நின்றான் என்றாள். அவர் பதறிப் போய் இடுப்பில் இருந்த ரேடியோவைக் கையில் எடுத்தார். வயதென்ன என்று குனிந்து அன்பாகக் கேட்டார். இருபத்துமூன்று என்றாள். அவர் ரேடியோவைத் திரும்ப இடுப்பில் செருகினார். அவரில் குற்றமில்லை. சின்னப் பையன் என்பதைவிட வேறு சொல் அவளிடம் இருக்கவில்லை.

படியில் இருந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, கைத்தொலைபேசி அடித்தது. பிரணவன்.

"பெரியம்மா, எயார்போட்டிலை நிக்கிறம். இஞ்சைதான் இணைப்புக் கிடைச்சுது. பிளேனுக்கு ஏறக் கூப்பிடுகினம். உங்களுக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு பயந்து போனன்."

"ராசா, நான்... நீ கோயிலடியிலை நிண்டனியோ?"

"ஓம். நீங்கள் வாறன் எண்டு போட்டனீங்கள்தானே. பஸ்ஸிலை இருந்து என்ரை பாக்கை இறக்கிக்கொண்டு வாசலிலை நிண்டனான். மற்றவை எல்லாம் ஏறியிட்டினம்."

பாக்கை இறக்கியிருக்கிறான். அப்படியென்றால் நிற்பது என்றே முடிவெடுத்திருக்கிறான்.

"சேர் வந்தவர். பாக்கைப் பாத்தார். ஏனெண்டு கேக்கேல்லை. 'ஆரும் வருவினமோ?' எண்டு மட்டும் கேட்டார். ஓம் எண்டன். அவரும் என்னோடை நிண்டார் பெரியம்மா. டிரைவர் ஏச ஏச நிண்டார். ஏலாத கட்டத்திலை பேசாமல் பாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலை போயிட்டன்."

தான் நோத்ர-டாம் என்று எதை விளங்கிக்கொண்டாள், எங்கே எங்கே தேடினாள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள். அவன் மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அழுகையைவிட மோசமாக இருந்தது.

"என்.டி.ஜி.யோ! எனக்கு அது ஓடேல்லை பெரியம்மா."

"இப்பவும் பிந்தேல்லை ராசா. திரும்பி வெளியிலை வா. நான் இப்ப வெளிக்கிடுறன். துஷா வழி சொல்லுவாள்."

"இல்லை பெரியம்மா. அந்தத் துணிவு எனக்கு ஒருக்காத்தான் வந்தது. திரும்ப வரும் எண்டு தெரியேல்லை." பின்னால் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "உங்களிலை பிழையில்லை. போட்டு வாறன்."

இணைப்பு அறுந்தது. திரும்ப எடுத்தாள், எடுத்துக்கொண்டே இருந்தாள். அவன் தொலைபேசியை நிறுத்திவிட்டான். கனகமணி அழுதாள். சுற்றிவர நின்ற சனம் கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அந்தக் கோயிலைப் பார்த்தாள். உயரமான கோயில்தான், அழகான கோயில்தான். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கையில் இருந்த தொலைபேசி மறுபடி அடித்தது. திலகம். எடுக்காமல் விட்டால் என்ன என்று நினைத்தாள். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு எடுக்காமல் விடுவது?

"அக்கா, தேங்காய் உடைச்சிட்டன். ஒரே அடியிலை சிதறிச்சுது. இவ்வளவு நேரமும் அயலட்டை எல்லாம் வந்து இருந்திட்டு இப்பதான் போகுதுகள். அவன் சாப்பிட்டானோ? ஒருக்கா அவனிட்டைக் குடுங்கோவன், குரலைக் கேப்பம்."

கனகமணி சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெரியாது. எந்த நோத்ர-டாம், எந்த வாசல், யார் எங்கே நின்றார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். திலகம் கத்துவாள், மண்ணள்ளித் திட்டுவாள் என்று காத்திருந்தாள். அப்படித் திட்டினால் நல்லது என்றும் இருந்தது. திலகம் திட்டவில்லை.

"எப்ப வந்து இறங்குவான்?" என்று கடைசியில் கேட்டாள்.

"திங்கள் விடிய எண்டு சொன்னவன்."

"அப்ப நான் நாளைக்கே கொழும்புக்குப் பஸ் எடுக்கோணும். அவனைத் தனிய வெளியிலை வர விடக் கூடாது." இப்போது அவள் குரல் ஈரமே இல்லாமல் இருந்தது. "அக்கா, என்ன சேர்ட் போட்டிருக்கிறான்?"

"என்ன?"

"இண்டைக்கு அவன் என்ன உடுப்புப் போட்டிருக்கிறான் எண்டு கேக்கிறன். பெரியவனைத் தேடிப் போன இடமெல்லாம் முதல் அதைத்தான் கேட்டவங்கள். என்ன சேர்ட், என்ன நிறம் எண்டு. பெரியவன் அண்டைக்கு வெளிக்கிடேக்கை நான் குசினிக்கை நிண்டனான். பாக்கேல்லை. எனக்குச் சொல்லத் தெரியேல்லை அக்கா. படிவத்திலை அந்த இடத்தை வெறுமையா விட்டிட்டாங்கள். இவன்ரையை நான் இப்பவே எழுதி வைக்கப் போறன். சொல்லுங்கோ."

கனகமணி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சொல்லுங்கோ அக்கா, பேனை எடுத்திட்டன்."

அன்று முழுக்கக் கனகமணி அவனைக் காணவேயில்லை.